முள் இல்லாத தூண்டில் பெட்டி

அக்கா மகளுக்கு ஏழு வயது. தனக்கென்று ஒரு தூண்டில் பெட்டி வேண்டுமென்று அடம்பிடித்தாள். கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலுள்ள குளத்தில் ஞாயிறுதோறும் தூண்டில் போடுகிறவர்களோடு உட்கார அவளுக்கு ஆசை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எந்த வேலையும் என்னிடம்தான் வரும். "நீ படிச்சவன், பாத்து செய்டா" என்றாள் அக்கா.

நரம்பு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் வாங்கி, அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கினேன். முட்களை மட்டும் வீட்டில் ஒளித்து வைத்தேன். கண்ணில் முள் ஏறிய குழந்தைகளின் படங்களைக் கைபேசியில் பார்த்திருந்தேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

குளக்கரையில் எல்லோர் முன்னாலும் டப்பாவைத் திறந்தவள், ஒவ்வோர் அறையாகத் தேடினாள்.

"மாமா, முள் எங்க?"

பக்கத்திலிருந்த வங்காளிப் பெரியவர் சிரித்துவிட்டார். மீனை விருந்துக்கு அழைக்கப் போகிறாயா என்று அவர்கள் மொழியில் கேலி செய்தபடி, தன் முள் ஒன்றை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மாமா மறந்துட்டாங்க, காக்கு. எங்க வீட்ல நெறைய இருக்கு" என்று அவருக்கு வங்காளத்திலேயே பதில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தாள். "மறந்துட்டீங்கதானே?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஆமாம்மா" என்றேன்.

"வாங்க, ஓடிப் போய் எடுத்துட்டு வரலாம்" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் முடிந்த மட்டும் மெதுவாக நடந்தேன்.