பழைய ஏசியில் புது கேஸ்

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபின், பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் ஏசி பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெக்கை ஏறினால் அவர் முதுகில் புண் வந்துவிடும். போன சித்திரையில் அது குளிர்ச்சியில்லாமல் வெறும் காற்றாக ஊதத் தொடங்கியது. மெக்கானிக்கை வரச்சொன்னோம்.

"இந்த மிஷினுக்குண்டான பழைய கேஸு இப்பச் சிக்கறதே இல்லீங்க்கா. ஓசோனுக்கு ஆகாதுன்னு நிறுத்திக்கிட்டு வாராங்க. இது புதுசு. சுத்துச்சூழலுக்கு ஒண்ணும் பண்ணாது, கூலிங்கும் நல்லா இருக்கும்" என்று தான் கொண்டுவந்த சின்ன சிலிண்டரைத் தட்டிக் காட்டினார்.

சொன்னபடியே அறை ஜில்லென்று ஆனது. மாமா நன்றாகத் தூங்கினார்.

கொஞ்ச நாள் கழித்து அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தார். போய்ப் பார்த்தால் கண் ஏசியின் மேலேயே இருக்கும். குளிர்கிறது போல என்று போர்வையை இழுத்துவிடுவோம். போர்வையைத் தள்ளிவிட்டு மறுபடியும் தட்டுவார். ஏசியை அணைத்துப் பார்த்தோம். அப்போதும் அதையேதான் பார்த்தார். சுவரோரம் காது வைத்தபோது ஏதோ சன்னமாக இரைவதுபோல எனக்குப் பட்டது. வெளியே தெருவில் லாரி போனது, அதன்பின் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டையாம்பட்டியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் புது ஏசி வாங்கியிருந்தாள். பொருத்த வந்தவர் வயதானவர். முதலில் டேப்பை எடுத்து அறையை அளந்தார். மிஷினின் பக்கவாட்டில் தீ எரிகிற படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, இதென்னுங்க நெருப்புப் படம்?" என்று கேட்டேன்.

"பத்திக்கற கேஸுங்க இது. சமையல் கேஸுக்குப் பங்காளியாட்ட. பயப்பட வேண்டாமுங்க, மிஷினையே அதுக்குத் தோதாப் பண்ணியிருக்காங்க. கேஸும் கொஞ்சந்தான். ரூமு அளவு பாத்துப் போட்டா ஒண்ணும் ஆகாது."

"எங்க ஊட்டுப் பழைய ஏசிலகூட இந்த மாதிரி புது கேஸுதான் போட்டிருக்கறாங்க."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பழைய மிஷின்லீங்களா? அதுல போடக்கூடாதுங்களே! கசிஞ்சா வாசம்கூட வராதுங்க. தரையோட தேங்கி நிக்கும். ரூமுக்குள்ள ஆராச்சும் இருக்கறாங்களா?"

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை உள்ளறையில் சாம்பிராணி போடுவார். கனல் போட்ட தூபக்காலை மாமாவின் கட்டிலுக்கு அடியில்தான் வைப்பார், கொசு அண்டாது என்று.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அத்தை எடுத்தார்.

"என்ன சாமி? கனல ஊதிக்கிட்டு இருந்தேன், அதுதான் எடுக்க முடியல."

"அத்தை, தூபக்கால் எங்கீங்க?"

"கையிலதான் இருக்குது. மாமா ரூமுக்குத்தான் போறேன். அந்த ஏசி மத்தியானத்திலிருந்து வெறும் காத்தாத்தான் ஊதுது. மெக்கானிக்கை வரச்சொல்லோணும்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாமா தட்டித் தட்டிக் காட்டியது இந்தக் கசிவைத்தான். கேஸ் முழுக்க அறைக்குள் இறங்கியிருக்கிறது.

"உள்ள போகாதீங்க! கனல வாசலுக்கு வெளிய கொண்டுபோய்த் தண்ணி ஊத்துங்க. ரூமுல எந்தச் சுவிச்சையும் தொடாதீங்க. சன்னல் கதவத் தொறந்துட்டு மாமாவ வெளிய தூக்கியாங்க."

"என்ன சாமி சொல்ற?"

"சொன்னதச் செய்யுங்க, அத்தை!"

அவர் என்னிடம் இப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. போனை அப்படியே வைத்துவிட்டார் போல. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. காதோடு போனை ஒட்டிக்கொண்டு நின்றேன். பொருத்த வந்தவரும் வேலையை விட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கியாந்துட்டோம்" என்று அத்தை மூச்சிரைக்கச் சொன்னார். "மாமா அழுவறாரு சாமி. என்ன ஏதுன்னு தெரியல."

வெளிச்சுவரில் இருந்த மெயினை அடுத்த வீட்டுக்காரரே அணைத்தார்.

மறுநாள் மெக்கானிக் வந்து குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவினார். மிச்சமிருந்த கொஞ்சம் கேஸ் குமிழ்குமிழாக வந்தது.

"கம்பெனிக்காரங்களே இதுதான் போடறாங்கன்னு சொன்னாங்க. அதுக்குன்னு தனி மிஷின்னு தெரியாதுங்க்கா."

"இன்னும் எத்தன ஊட்டுல போட்டீங்க?" என்று என் கணவர் கேட்டார்.

அவர் தெருவை நோக்கிக் கை காட்டினார்.

அவரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். சிலர் உடனே அணைத்தார்கள். "இந்த வெயில்ல நிறுத்தச் சொல்றீங்களே, நல்லாத்தானுங்க ஓடுது" என்று சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில் ஏசி அறைக்குள் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் அப்பா, "பொறவு பாத்துக்கலாமுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இருக்கிற குளிர் வெளியே போய்விடுமாம்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பதும் அந்த வகை கேஸில் ஓடுகிற ஏசிதான். அதற்கென்றே செய்த மிஷின். மாமா நிம்மதியாகத் தூங்குகிறார். நான்தான் தூங்குவதில்லை. மத்தியானம் கரண்ட் போய்த் திரும்ப வரும்போது, தெருவில் வீட்டுக்கு வீடு வெளிச்சுவரில் மாட்டிய ஏசிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்குகின்றன. சாத்தின சன்னல்களைப் பார்த்தபடி வாசலில் நிற்கிறேன்.