போர்வெல் வயரில் ஒரு கிட்டார்

கிட்டார் எனக்குக் கல்லூரியில் சேர்ந்த வருடம் பிடித்த பைத்தியம். ராமநாதபுரத்தில் இயற்பியல் படித்துக்கொண்டு, ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டு, சிக்கல் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கும் டவுனுக்குமாக பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தேன். குழுவை நடத்தியவரை எல்லோரும் அண்ணன் என்போம். அருமையாகப் பாடுவார், ஆனால் பொறுமை கிடையாது. அவர் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் அதிலிருந்து கிட்டார் போலவே சத்தம் வரும். 'போலவே' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் வரும்.

என் கிட்டாருக்கு ஆம்ப்ளிபயர் தனி, ஸ்பீக்கர் பெட்டி தனி. ஆம்ப்ளிபயர் மேடையில் என் பக்கத்தில் இருக்கும். பெட்டி எங்கே போகும் என்பதை மைக் செட்டுக்காரர் முடிவு செய்வார். விசேஷ வீட்டுப் பாட்டு ரோட்டில் போகிறவனுக்கும் கேட்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் மரத்து உச்சியில் கூம்பு ஸ்பீக்கர், பந்தல் வாசலில் ரோட்டைப் பார்த்தபடி பெட்டிகள். அங்கேதான் என் பெட்டியும் போய் நிற்கும். மேடைக்கும் அதற்கும் இடையே நூல் மாதிரி ஒரு வயர் ஓடும்.

உச்சிப்புளியில் ஒரு கல்யாண வரவேற்பில் இரண்டு பாட்டு முடிந்ததும் அண்ணன் என் பக்கம் குனிந்தார்.

"எங்கலே ஒன் கிட்டாரு? வாசல்ல கொசு கத்துற மாதிரி இருக்காம்."

"வால்யூம் முழுசா வச்சிருக்கேண்ணே."

"அடுத்த கச்சேரியிலயும் இப்படின்னா நீ கீழ உக்காந்து கைதட்டு. கிட்டார் பிட்டெல்லாம் கீபோர்டுல பாத்துக்கிருவோம்."

அடுத்த கச்சேரி திருப்புல்லாணியில். நான் குழுவில் இருப்பதா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பெட்டியில் பழுதில்லை. வீட்டில் ஆம்ப்ளிபயரை ஒட்டி வைத்து வாசித்தால் தகரக் கொட்டகை அதிரும். அப்படியானால் வயர்தான். மைக் செட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"மாப்ள, இதே வயருலதான் என் கூம்பு கம்மாய்க்கு அந்தாண்ட வரைக்கும் கேக்குது. ஒன் பெட்டி மட்டும் என்ன, ராசா வீட்டுப் புள்ளையா?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னைக் குழப்பியது. ஆர்வக்கோளாறு உள்ள எவனும் செய்வதைச் செய்தேன். கடைக்குப் போய், இருப்பதிலேயே உசத்தியான கிட்டார் வயரை நீளமாக வாங்கி வந்தேன். பார்க்க விரல் தடிமன் இருந்தது. கொட்டகையில் விரித்து மாட்டினால், சத்தம் கச்சேரியில் கேட்டதைவிட ஒன்றும் கூடவில்லை. ஆத்திரத்தில் நுனியைச் சீவினேன். தடிமன் எல்லாம் ரப்பர். அதற்குள் ஒரு கம்பி வலை. வலைக்குள் நடுவே, தலைமுடி மாதிரி நாலைந்து இழைகள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போவது மிகச் சின்ன மின்சாரம். இரைச்சல் உள்ளே புகாமல் காக்கத்தான் அந்த வலை. ஆம்ப்ளிபயரிலிருந்து பெட்டிக்குப் போவதோ பலம். அதற்குக் காவல் வேண்டாம், அகலம் வேண்டும். மைக் செட்டுக்காரரிடம் அவர் வயரைக் கேட்டு வாங்கி வந்து, இரவல் மல்டிமீட்டரை வைத்து அதன் மின்தடையை அளந்தேன். என் பெட்டி எட்டு ஓம். அந்த வயரும், போகவும் வரவும் சேர்த்து, ஏறக்குறைய அதையே காட்டியது. ஆம்ப்ளிபயர் கொடுத்ததில் பாதியை வயரே தின்றிருக்கிறது. கூம்புகளின் கதை வேறு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் உண்டு. அவற்றுக்கு வோல்ட் கூட, ஆம்பியர் குறைவு. மெல்லிய வயரே போதும். கூம்பு விஷயத்தில் அவர் சொன்னது சரி, பெட்டி விஷயத்தில் நான் சொன்னது சரி. ஒரே பந்தலில் இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்பது அன்று எனக்குப் பெரிய ஆச்சரியம்.

சரி, தடிமனான செம்பு வயருக்கு எங்கே போவது? நிமிர்ந்தேன். எதிரே உயரத்து ஆணியில் தொங்கியது.

அது எங்கள் போர்வெல் வயர். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போட்ட போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வந்து, இறக்கிய மோட்டாரை மேலே தூக்கியாகிவிட்டது. தட்டையான கறுப்பு வயர் மட்டும் சுருளாகக் காத்திருந்தது. வேறு இடத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது அய்யாவின் கணக்கு.

"அய்யா, இதுல கொஞ்சம் வெட்டிக்கிறவா?"

"வெட்டுனா ஒட்டுப் போடணும். தண்ணிக்குள்ள ஒட்டு நிக்குமாலே?"

"வெட்டாம கொண்டு போறேன்."

"முழுசையுமா? கச்சேரிக்கா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "முழுசாத் திரும்பி வரணும்."

திருப்புல்லாணியில் மதியம் மூன்று மணிக்கே சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். மைக் செட்டுக்காரருக்குக் கொண்டாட்டம்.

"என்ன மாப்ள, மேடைக்கு அடியில தண்ணி பாக்கப் போறியா?"

வயருக்குள் இருந்த மூன்று செம்புக் கம்பிகளில் இரண்டைத்தான் கோத்தேன். ஆம்ப்ளிபயரில் செருகும் பின்னுக்குள் அவ்வளவு தடித்த கம்பி நுழையாது. நுனியில் சின்னத் துண்டு வயர் வைத்து முறுக்கினேன். பெட்டியை அவர் விருப்பப்படியே வாசலில், ரோட்டைப் பார்த்து வைத்தேன். வயர் அங்கே எட்டி, மிச்சமும் கிடந்தது.

அண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நான் ஆறு தந்தியும் சேர ஒரே ஒரு கார்டு அடித்தேன். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் கையை உயர்த்தி, போதும் என்பதுபோல் இறக்கினார். பாராட்டெல்லாம் இல்லை. மேடைக்கு வந்து பாட்டு வரிசையைப் புரட்டியபடி, "மூணாவது பாட்டுக்கு ஆரம்பத்துல கீபோர்டு வேணாம். நீயே எடு" என்றார்.

மறுநாள் காலையில் அய்யா வயரை வாங்கி, ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை கைவழியாக ஓடவிட்டுப் பார்த்தார். வெட்டு இல்லை. ஆணியில் மாட்டப் போனவர் நின்றார். அதுவரை என் கிட்டாரைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்டதில்லை.

"கேட்டுச்சா?"

"ரோடு வரைக்கும் கேட்டுச்சுய்யா."

"ம்" என்று சொல்லிவிட்டு மாட்டினார். இந்தத் தடவை உயரத்து ஆணியில் இல்லை, என் கைக்கு எட்டும் ஆணியில்.