நாலாம் தட்டின் நீல விளக்கு

வடக்கே கயானி ஊரில் காகித ஆலை மூடியபோது வேலை இழந்தவர்களில் தௌனோ கெம்பைனனும் ஒருவர். அதே கட்டடத்தில் தரவு மையம் வந்ததும் முதல் ஆளாக மனுப் போட்டார். முன்னூறு பேர் கத்திப் பேசிய கூடத்தில் இப்போது அவர் ஒருவர்தான். மற்றதெல்லாம் கணினித் தகவலைச் சேமிக்கும் வட்டுகள்.

ஒரு தட்டில் அறுபது வட்டுகள், ஓர் அலமாரியில் ஏழு தட்டுகள். தட்டுகளைக் கேபிள் ஒன்றோடொன்று கோத்திருக்கும், மேலிருந்து ஒரு வழி, கீழிருந்து ஒரு வழி. நடுவில் ஒரு தட்டு செத்தாலும் மற்றவற்றின் தொடர்பு அறாது. இரும்புப் பெட்டிகளுக்கு இவ்வளவு அக்கறை!

வட்டு பழுதானால் ஹெல்சிங்கி அலுவலகத்திலிருந்து அதன் எண் வரும். அங்கிருந்தே போடும் நீல விளக்கு அந்த வட்டின் பக்கத்தில் மினுக்கும். உருவி, புதியதைச் சொருக வேண்டும். யாரும் வாய் திறக்கத் தேவையில்லை. வீட்டிலும் தௌனோவுக்குப் பேச ஆளில்லை.

அக்டோபரில் ஒருமுறை ஒன்பதாம் அலமாரியின் நாலாம் தட்டில் விளக்கு நிஜமாகவே எரியவில்லை. போன் செய்தார். எண் அனுப்பும் சைலா விளக்கை அணைத்து மறுபடி போட்டாள்.

"இப்பத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"அங்க பனி விழுந்தாச்சா?"

"முழங்கால் வரைக்கும்."

"இங்க வெறும் சேறுதான். எங்க ஆபீஸ் காப்பி மாதிரி."

அவ்வளவுதான் பேச்சு. அன்று மாலை தௌனோ சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

நாலாம் தட்டில் பழைய வட்டுகள் அதிகம், அடிக்கடி சாகும். அடுத்த முறை விளக்கு பளிச்சென்று எரிந்தது. எரியவில்லை என்று போன் செய்தார். மார்ச்சுக்குள் அப்படி நாலு பொய். ஒரே தட்டைச் சொன்னால் நம்புவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார், கெட்டிக்காரர்.

நம்பித்தான் விட்டார்கள். வரும் வியாழக்கிழமை நாலாம் தட்டையே கழற்றி மாற்ற வேண்டும் என்று திங்கட்கிழமை உத்தரவு வந்தது. அதிலிருப்பது வடக்கு ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே படங்கள். தட்டு வெளியே இருக்கும் நேரத்தில் மற்ற தட்டுகளில் நகல் வைத்திருக்கும் இரண்டு வட்டுகள் செத்தால் படங்கள் போனது போனதுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஆபத்து. திறந்தால் வேலை போகலாம், சைலாவின் குரலும் போகலாம். இரண்டு நாள் தள்ளிப்போட்டார். புதன்கிழமை போன் செய்தார்.

"சைலா, நாலாம் தட்டைக் கழட்ட வேணாம். விளக்கு நல்லாத்தான் எரியுது."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே. முதல் தடவைதான் நெஜம். மத்த நாலும் நான் சொன்ன பொய்."

"எதுக்குங்க?"

"இங்க மெஷின் ஃபேன் சத்தந்தான் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

"அட மனுஷா, அதுக்குப் போயி ஒரு தட்டையே கொல்லப் பாத்தீங்களே." சிரித்தாள். "விளக்கு சரியாயிடுச்சுன்னு எழுதிடறேன். இனிமே சும்மாவே கூப்பிடுங்க, காரணமெல்லாம் வேணாம்."

தௌனோவுக்குக் கண் கலங்கிவிட்டது. உத்தரவு ரத்தானது, வேலையும் பிழைத்தது.

மறுவாரம் ஒரு மத்தியானம் போனை எடுத்தார். சைலாவின் பெயரில் விரலை வைத்தார். 'நான்தான் தௌனோ' என்பதற்குப் பிறகு என்ன சொல்வது? கயானியில் சாவு விழுந்தால் போன் செய்வார்கள், கார் கிளம்பாவிட்டால் செய்வார்கள். சும்மா யாரும் செய்து அவர் பார்த்ததில்லை. பனி இன்னும் கிடக்கிறது என்று சொல்லலாம். அதைச் சொல்லவா ஒருத்தியின் வேலையைக் கெடுப்பது?

போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். மறுநாளும் எடுத்தார், மறுநாளும் சட்டைப்பைக்குள்ளேயே போட்டார். பொய் சொல்லிப் பேசத் தெரிந்தவருக்குச் சும்மா பேசத் தெரியவில்லை.