தனிஸ்லாஸ் வாத்தியாரும் வெள்ளைப்பட்டை மரமும்

வாழ்நாளில் கண்டுபிடித்த ஒரே உண்மையும் உண்மையில்லை என்று தெரிந்துவிட்டால், மனிதனிடம் மிச்சம் என்ன இருக்கும்? தனிஸ்லாஸின் வாழ்க்கை இதைத்தான் கேட்டது போலத் தோன்றுகிறது.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வாத்தியார் வேலை. 1931ல் மனைவி சகாயமேரியைக் காலரா கொண்டுபோன பிறகு, மாலையில் வீட்டுக்குப் போக மனமில்லாமல் வைகைக்கரையோடு நடப்பார். அப்படித்தான் மரங்களுக்குப் பல மொழிகளில் உள்ள பெயர்களை எழுதத் தொடங்கினார். வேம்பைப் போர்த்துகீசியர் கசப்பு மரம் என்றார்கள். புளியை அரபியர் இந்தியப் பேரீச்சை என்றார்கள்; தம் ஊரை நினைத்துக்கொண்டே நம் மரத்துக்குப் பெயர் வைத்தவர்கள். இப்படி ஒன்பது வருடம். அவரை அறிஞர் என்று சொல்ல முடியாது. பொறுமைசாலி.

ஒருநாள் கோச்சடையில், கீரை பறித்துக்கொண்டிருந்த ஒச்சாயியிடம் ஆற்றோரத்து மருதமரத்தைக் காட்டி, இங்கே இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"வெள்ளப்பட்டைம்போம், வாத்தியாரய்யா."

சமஸ்கிருதத்தில் அது அர்ஜுனம். வெண்மை என்று பொருள். தெலுங்கில் தெல்லமத்தி, அதிலும் வெள்ளைதான். எழுத்தறியாத ஒருத்தியின் வாயிலும் அதே வெள்ளை. மரமே தன் பெயரை மனிதருக்குச் சொல்லித்தருகிறது என்று நாற்பது பக்கம் எழுதினார். பெயர்ப்பட்டியலோடு அதையும் அச்சிடச் சென்னையில் ஒரு சங்கம் ஒப்புக்கொண்டது.

அனுப்புமுன் சரிபார்க்க மறுபடி கோச்சடைக்குப் போனார். வெள்ளைப்பட்டை என்ற பெயரை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. வண்டிக்காரன் சோணை சிரித்துவிட்டான்.

"ஒச்சாயிகிட்டயா கேட்டீக? நல்ல ஆளப் பாத்துக் கேட்டீக போங்க. அவ புருசன் பேரு மருதன்யா. புருசன் பேர எந்தப் பொம்பள சொல்லுவா? இந்த மரத்தப் பத்திப் பேசணும்னா வாயில வந்த பேரச் சொல்லிச் சமாளிப்பா."

"மருதன் எங்க?"

"செத்து மூணு வருசமாச்சு. இன்னும் சொல்ல மாட்டேங்குறா."

சகாயமேரியும் பதினாறு வருடக் குடித்தனத்தில் தனிஸ்லாஸின் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "இங்க பாருங்க" என்பாள், அவ்வளவுதான். வீட்டிலேயே அறிந்த வழக்கம். ஆற்றங்கரையில் நினைவுக்கு வரவில்லை.

அன்று நாற்பது பக்கமும் அடுப்புக்குப் போயின. சங்கத்துக்குப் பட்டியலை மட்டும் அனுப்பினார். அதில் மருதம் என்ற சொல்லைத் தன் கையாலேயே அடித்துவிட்டு, தமிழ்ப்பெயர் வெள்ளைப்பட்டை என்று மட்டும் எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டுச் சங்கத்தார் இரண்டு கடிதம் போட்டார்கள். அவர் பதில் எழுதவில்லை.