மந்திரிக்கு விரித்த படுக்கை

எங்கள் மாமா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு பாய். தலை நரைத்தும் அந்தப் பெயர் மாறவில்லை. ஊழல் வழக்கில் முன்னாள் மந்திரியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், ஏசி அறையில் படுக்கையை விரித்து, அவருக்குப் பிடித்த பஞ்சுத் தலையணையையும் போட்டுவிடுவார். சொல்லிவைத்தாற்போல் சாயங்காலமே மந்திரி நெஞ்சுவலியோடு வந்து சேர்வார். வருஷக்கணக்காக இதே கூத்து. எங்களுக்குக் கோபமெல்லாம் தீர்ந்து சிரிப்புதான் மிச்சம்.

போன வாரமும் கூப்பிட்டார்கள். மாமா விரித்த படுக்கை அப்படியே கிடந்தது; மந்திரி வரவில்லை. வீட்டுக்கு வந்த மாமா சோற்றில் கை வைக்கவில்லை.

"விசாரணைக்குப் போயிருப்பாரோ, மாமா?" என்றேன்.

"போடா பைத்தியக்காரா! பாவம், மனுஷனுக்கு நெஜமாவே உடம்பு முடியலையோ என்னவோ!"