காதுக்காரர் கேட்ட ஹம்

அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்தது யாரென்று எவருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பழுதுபார்க்க வந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல், மீட்டரைத் தொடுவதற்கு முன்பே தலையைச் சாய்த்து, "டிரான்ஸ்ஃபார்மர் லூசா இருக்கு", "எர்த் சரியில்ல" என்று சொல்லிவிடுவார். முப்பது வருடத்தில் அது தப்பியது அபூர்வம். சைக்கிள் கடையின் மாடியிலிருந்த அந்த ஒற்றை அறைக்கு, கிடார் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தவர்களெல்லாம் அந்தக் காதை நம்பித்தான் வந்தார்கள். அவரும் நம்பினார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழ்ச்சி ஆகிவிடும்.

அந்தத் தலைக்கனத்துக்குப் பலியானது அவருடைய மைத்துனன். மனைவியின் தம்பி, பதினோரு வருடம் எதிர் மேஜையில் உட்கார்ந்து சால்டரிங் பிடித்தவன். நாலைந்து மாதத்துக்கு முன்பு, அவன் முடித்துவைத்த பெட்டிகளில் காதுக்காரருக்கு ஹம் கேட்க ஆரம்பித்தது. பாட்டுக்கு அடியில் விடாமல் ஓடும் முனகலைத்தான் இந்தத் தொழிலில் ஹம் என்பார்கள். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைக் கெப்பாசிட்டர்கள் அடக்க வேண்டும். அவை மட்டமாக இருந்தால் முனகல் ஸ்பீக்கர் வரை வந்துவிடும்.

"மட்டமான சரக்கை வாங்கிப் போட்டு மீதிக் காசை அமுக்கிட்டு எங்கிட்டயே மறைக்கிறியா?" என்று கேட்டார்.

"மாமா, எனக்கு ஒண்ணுமே கேட்கலையே" என்றான் அவன்.

கெப்பாசிட்டரை மாற்றிப் போட்டார். மறுநாள் முனகல் இல்லை. சந்தேகம் உறுதியானது. அதன் பிறகு மைத்துனன் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சாட்சிக்கு இருக்கட்டும் என்று ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தார். பதினேழு சேர்ந்த அன்று, வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நிற்கும்போதே "திருடன்" என்ற வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. அவன் சால்டரிங் அயர்னின் வயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். அன்றிலிருந்து மனைவி அவரோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் வேளை தவறாமல் வந்தது.

இரண்டு மாதம் இப்படியே ஓடியபின் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றோடு கிடார் வாசிக்கும் பெண் ஒருத்தி வந்தாள்.

"ஆன் பண்ணா ஃப்யூஸ் போயிடுதுண்ணே. மூணு மாத்திட்டேன்."

"நாலாவதுக்குப் பதிலா கம்பியைச் சுத்திடலையே?"

"இல்லண்ணே."

"அப்ப பெட்டி பொழச்சுது."

ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மின்சாரத்தை ஒரு குண்டு பல்பு வழியாக விட்டார். பல்பு முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். கண் கூசும்படி எரிந்தது. பவர் சப்ளையின் நான்கு டயோடுகளில் ஒன்று செத்துப்போயிருந்தது. பக்கத்துக் கெப்பாசிட்டருக்கு வயிறு வீங்கியிருந்தது. இரண்டையும் மாற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கி அடங்கியது. வேலை முடிந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஆனால் ஹம் கேட்டது. இம்முறை பழிபோட எதிர் மேஜையில் ஆளில்லை. எல்லாம் அவர் கையால் வாங்கி, அவர் கையால் வைத்தது. மீதிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றினார். எர்த் வயரை இடம் மாற்றினார். டிரான்ஸ்ஃபார்மரையே கழற்றி வேறு வைத்தார். வியாழக்கிழமை அந்தப் பெண் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குண்ணே" என்றாள். மீட்டரும் அதையே சொன்னது.

"மீட்டருக்கு என்ன தெரியும்? நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் மனைவி சாப்பாட்டோடு படியேறி வந்தபோது, அவர் மறுபடியும் பெட்டியைப் பிரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கினார். கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும் மின்சாரம் ஆளையே தூக்கி அடிக்கும் என்பதால் அதையும் வடித்தார். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கியது. திருப்புளியை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

ஹம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

முப்பது வருடத்தில் ஒருநாளும் அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காது கொடுத்ததில்லை. செத்த பெட்டியில் எந்த மெக்கானிக் ஹம் தேடுவான்? இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினார். தெருச் சத்தம் போனது, முனகல் கூடியது. அவருக்குப் பயம் வந்தது.

"உனக்கு ஏதாவது கேட்குதா? ம்ம்ம்னு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பிளக் கீழ கிடக்குது. அப்புறம் என்ன கேட்கும்?" என்றாள் அவள்.

அவர் பிஸ்கட் டப்பாவை இறக்கினார். முதல் கெப்பாசிட்டரை மீட்டரில் வைத்தார்: நல்லது. இரண்டாவது: நல்லது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அது எந்த டப்பா என்று மனைவிக்குத் தெரியும். பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பதினேழும் நல்லது. ஒன்றாவது கெட்டதாக இருந்திருக்கக் கூடாதா என்று மனது அலைந்தது. அப்படி அலைந்ததை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

"என் காதுதான் போயிடுச்சு" என்றார். "அப்ப விட்டு விட்டு வந்துச்சு, மாத்தினதாலதான் போச்சுன்னு நெனச்சேன். அவன் ஒரு தப்பும் பண்ணல."

அவள் தன் போனில் தம்பியின் நம்பரை அழுத்தி அவரிடம் நீட்டினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் "சொல்லுக்கா" என்றது குரல்.

"அக்கா இல்ல மாப்ளே, நான்தான். நீ போட்ட பதினேழையும் இப்பதான் அளந்து பார்த்தேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஹம் பெட்டியில இல்ல, என் காதுல. உன்னைப் போய் அந்த வார்த்தை சொல்லிட்டேன். நாலு பேர் முன்னாடி சொன்னேன், நாலு பேர் முன்னாடியே மன்னிப்புக் கேட்கிறேன். வந்துடுடா."

மறுமுனையில் பேச்சில்லை. அவர் போனை இந்தக் காதுக்கு மாற்றினார், அந்தக் காதுக்கு மாற்றினார். மூச்சு விடுகிறானா, கட் பண்ணிவிட்டானா? அந்த முனகலைத் தாண்டி அவருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. போனை மனைவியிடம் கொடுத்தார்.

"எனக்குத் தெரியல. இருக்கானா, வச்சுட்டானா? நீ கேட்டுச் சொல்லு."

அவள் போனைக் காதில் வைத்து, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டாள்.

"இருக்கான்" என்றாள்.