மகள் படித்த வகுப்பில் நானும்

யாழ்ப்பாணத்தில் தாவரவியல் பட்டம் வாங்கிவிட்டு ஜெர்மனியின் டுசல்டோர்ஃபுக்கு வந்த நான், பல வருடங்களாக ஒரு ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளைப் பிரித்து அடுக்கும் வேலை செய்தேன். மகள் உயிரியல் படிக்கப் பல்கலைக்கழகம் புகுந்த வருடம், அங்கேயே சூழலியலில் முதுமாணிப் பட்டம், அதாவது மாஸ்டர்ஸ், படிக்க நானும் விண்ணப்பித்தேன்.

"அம்மா, வேற யூனி கிடைக்கேல்லையா?" என்றாள் மகள்.

"ஏன், வெட்கமா இருக்கோ?"

அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. ஆலோசனை அறையில் இருந்த ஜெர்மன் பெண்மணி பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு பாடத்துக்கும் செலவாகும் உழைப்பைப் புள்ளிகளாகக் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இதுதான் அளவு. என் பட்டம் செல்லும். ஆனால் அதில் புள்ளியியல் என்ற கணக்குப் பாடம் இல்லை. முதல் வருடத்துக்குள், முதல் பட்டம் படிக்கும் இளமாணி மாணவர்களோடு இருந்து, அந்தப் பாடத்தின் பரீட்சையில் தேறிச் சித்தியடைய வேண்டும். இல்லையென்றால் இடம் போய்விடும்.

அது மகளுடைய வகுப்பு. அவள் நடு வரிசையில் தோழிகளோடு இருப்பாள். நான் கடைசி வரிசையில். முதல் நாள் ஒரு பையன் என்னை விரிவுரையாளர் என்று நினைத்துக் கதவைத் திறந்து பிடித்தான்.

பரீட்சையில் அவள் சித்தியடைந்தாள்; நான் அடையவில்லை. கணக்கு எனக்குக் கடினமாக இருக்கவில்லை. கேள்விகளின் நீண்ட ஜெர்மன் வசனங்களை வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது.

"ஏலாது பிள்ளை. எனக்கு ஆய்வுகூட வேலையே காணும், இனிப் படிப்பு வேண்டாம்," என்றேன்.

மகள் பக்கத்தில் வந்து இருந்தாள். "என்னோட படிக்கிற கனபேர் பெயில் அம்மா. அவையும் திரும்ப எழுதப்போகினம். சனிக்கிழமை நூலகத்தில சேர்ந்து படிக்கினம். நீங்களும் வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

நூலகத்தில் அவள் என் தோளில் கைபோட்டு, "இது என்ர அம்மா, எங்கட வகுப்புத்தான்," என்று ஜெர்மனில் அறிமுகப்படுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் பையை எடுத்து எனக்கு இடம் விட்டாள். அவர்கள் கேள்விகளை உரக்க வாசித்து எந்தச் சொல்லில் பொறி இருக்கிறது என்று காட்டினார்கள். நான் கணக்கைச் செய்து காட்டினேன். அடுத்த தடவை எல்லோருமே சித்தியடைந்தோம். உணவகத்தில் உருளைக்கிழங்குப் பொரியலோடு கொண்டாடினோம்.

கடைசிப் பருவத்தில் வகுப்புகள் இல்லை, ஆய்வேடு மட்டும்தான். வீதியோர மரப்பட்டைகளில் வளரும் பாசிகளைப் பற்றி எழுதினேன். வாய்மொழித் தேர்வில் கேள்வி ஒன்று விளங்காதபோது, "இன்னொருமுறை மெதுவாகச் சொல்ல முடியுமா?" என்று கூச்சமில்லாமல் கேட்டேன். சொன்னார்கள். பதில் தெரிந்திருந்தது.

இப்போது நகரசபையின் மரப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மகளும் இளமாணி முடித்துவிட்டாள். முதுமாணியை நெதர்லாந்தில் செய்யப்போகிறாளாம்.

"என்ர புள்ளியள் அங்கயும் செல்லும் அம்மா. அறை பார்க்கப் போகோணும், வாறியளோ?"

"ஓம், வாறன்," என்றேன்.